யாரும் தொடாத எட்டாம் நம்பர்

செஞ்சிக்கு நான் ஓடப் போகவில்லை. ஒரு கையெழுத்துப் போடப் போனேன்.

ஈப்போவில் ஒரு மளிகை மொத்தக் கடையில் நான் கிராணி. தமிழ்நாட்டில் குமாஸ்தா என்பார்கள். முதலாளிக்குச் சொந்த ஊர் செஞ்சி. அங்கே அவர் பெயரில் இருந்த பழைய வீட்டைத் தன் மைத்துனர் பெயருக்கு மாற்றிக் கொடுக்க நினைத்தார். அவருக்கு முழங்கால் வலி, பயணம் ஆகாது. பத்திரத்தையும் அதிகாரக் கடிதத்தையும் என் கையில் கொடுத்து, "நாலு நாள் வேலைதான் மணியம், போயிட்டு வந்துடு" என்றார். எண்பத்தேழாம் வருடம், ஜனவரி மாதம்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த வாரம்தான் எங்கள் ஊர் மலையோட்டம். அதற்கு முந்தைய வருடம் அதில் ஓடிப் பாதி மலையில் கெண்டைக்கால் இழுத்து உட்கார்ந்துவிட்டேன். ஜீப்பில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தார்கள். மறுநாள் கடைக்குள் நுழைந்ததும் எங்கள் ஸ்டோர் கீப்பர், சீனரான ஆ சோங், "வாங்க பாதி மலை" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்கு அதுவே பெயர். லாரி டிரைவர்கள் கூப்பிட்டார்கள், டீக்கடையில் கூப்பிட்டார்கள், கடைசியில் என் மனைவியே ஒரு கோபத்தில் கூப்பிட்டாள். வருடம் முழுக்க விடியற்காலையில் எழுந்து ஓடிப் பழகியதெல்லாம் அந்தப் பெயரைத் துடைத்துப் போடத்தான். முதலாளியோ டிக்கெட்டை நீட்டுகிறார். வீம்புக்கு, ஓடும்போது காலில் போடும் என் சப்பாத்தையும் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

திண்டிவனத்தில் பஸ் மாறவேண்டும். மறுநாள் பொங்கல் என்பது எனக்கு அங்கே போன பிறகுதான் உறைத்தது. பஸ் ஸ்டாண்டில் பாதிக் கூட்டம் கரும்புக் கட்டோடு நின்றது. செஞ்சி பஸ் உள்ளே திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டு, பை, கூடை எல்லாம் பறந்தன. ஒரு பெரியவர் தன் செருப்பைக் கழற்றிப் போட்டார். போட்டவருக்குச் சீட்டு சொந்தம், பிறகு சாவகாசமாக ஏறி வரலாம். எங்கள் ஊரில் வரிசையில் நின்று நின்று பழகியவன் நான். வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். பிறகு துணிந்து சப்பாத்துப் பையை ஒரு ஜன்னலுக்குள் எறிந்தேன். ஆனால் நெரிசலில் படியில் கால் வைக்க முடியவில்லை. பஸ் நகர்ந்துவிட்டது. என் சப்பாத்து மட்டும் செஞ்சிக்குப் போகிறது!

கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். கண்டக்டர் விசில் ஊதிப் பஸ்ஸை நிறுத்தினார். ஜன்னலோரம் ஒரு அம்மாள் என் பையை மடியில் வைத்துக்கொண்டு, "ஏறு அண்ணே, உன் சீட்டு இங்க இருக்குது. நான் யாரையும் உக்கார உடல" என்றார். நிஜமாகவே ஓர் ஆள் உட்காரும் இடத்தைக் கையால் மறித்துக் காப்பாற்றி வைத்திருந்தார். முன்பின் தெரியாத எனக்காகப் பஸ்ஸோடு சண்டை போட்ட அந்த அம்மாளின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

செஞ்சியில் இறங்கியபோது போகிப் புகை இன்னும் கலையவில்லை. முதலாளியின் மைத்துனர் காதர் பாய் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தார். பத்திரத்தைக் காட்டியதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பொங்கலும் அதுவுமா ரிஜிஸ்டர் ஆபீசத் தேடி வந்துக்கிறியே தம்பி! திங்கக்கிழம வரிக்கும் அங்க ஈ காக்கா இருக்காது. மச்சான் அந்த ஊருக்குப் போயி பொங்கலயே மறந்துட்டாரா இன்னா?"

ஆறு நாள் சும்மா இருக்க வேண்டும். அங்கே என் ஓட்டமும் போயிற்று, இங்கே வேலையும் நடக்கவில்லை. முதலாளியை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன்.

அப்போதுதான் பாய் செய்துகொண்டிருந்த வேலையைக் கவனித்தேன். எவர்சில்வர் டம்ளர்களில் பெயர் வெட்டிக்கொண்டிருந்தார். இந்த ஊர்ப் பாத்திரக்கடையில் எது வாங்கினாலும் பெயர் வெட்டித் தருவார்கள். பேனா மாதிரி ஒரு மிஷின் கர்ரென்று சத்தம் போடும். கரண்ட் போனால் பாதிப் பெயரோடு நின்றுவிடும். அன்றைக்கு அவர் வெட்டியது பெயர் இல்லை, நம்பர்.

"காணும் பொங்கலன்னிக்கு இங்க கோட்ட ஓட்டம் வைக்கிறாங்க தம்பி. கடத்தெருவுலருந்து கெளம்பி ராஜகிரி உச்சிக்குப் போயிட்டுத் திரும்பி வரணும். முழுசா ஓடி முடிக்கிற ஒவ்வொருத்தனுக்கும் அவன் நம்பர் போட்ட டம்ளரு. நம்ம கட உபயம்."

கடை வாசலுக்கு ஓடிவந்து மேற்கே பார்த்தேன். ராஜகிரி, வீட்டுக் கூரைகளுக்கு மேலே, யாரோ பாறையைக் கொண்டுவந்து கொட்டியதுபோல நின்றது. எனக்கு ரோமம் சிலிர்த்தது. ஒரு மலை போனால் இன்னொரு மலை என்று சந்தோஷத்தில் கத்தவேண்டும் போல இருந்தது.

மறுநாள் பொங்கல். பாய் வீட்டில் பொங்கல் வைப்பதில்லை, ஆனால் காலை எட்டு மணிக்குள் அக்கம்பக்கத்திலிருந்து ஐந்து தூக்கு வந்து சேர்ந்தது. ஐந்திலும் சர்க்கரைப் பொங்கல். பாயின் மனைவி ஜுலேகா அக்கா, "எந்த வூட்டுதையும் வேணான்னு சொல்லக்கூடாது, ருசி பாத்துட்டு எது நல்லா இருந்திச்சின்னும் சொல்லக்கூடாது" என்று எச்சரித்தார். ஐந்தையும் சாப்பிட்டேன். ஓட்டத்துக்குச் சக்தி வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு ஓட்டத்தை நடத்தும் டிரில் மாஸ்டர் தணிகாசலம் சாரின் வீட்டுக்குப் போனேன். பண்டிகை நாளிலும் கழுத்தில் விசில் தொங்கியது. நான் வந்த விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் தலையை ஆட்டிவிட்டார்.

"அறுவது நம்பரு, அறுவது டம்ளரு, அறுவது ஆளு. போன மாசமே முடிஞ்சிபோச்சி சார். பனமலையிலருந்து வந்தவங்களுக்கே இல்லன்னு சொல்லி அனுப்சிட்டேன்."

"நான் மலேசியாவிலிருந்து வந்திருக்கிறேன் சார்."

"நீங்க நெலாவுலருந்து எறங்கி வந்தாலும் அறுவதுதான்."

காப்பி மட்டும் கொடுத்தார். நல்ல காப்பிதான், ஆனால் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் ஆ சோங்கின் சிரிப்புச் சத்தம் காதில் கேட்டது. இந்த மலையில் பாதிகூட ஏறவில்லை என்று தெரிந்தால் அடுத்து என்ன பெயர் வைப்பாரோ என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

மாட்டுப் பொங்கலன்று தெருவெல்லாம் கொம்புக்குப் பெயின்ட் அடித்த மாடுகள். எனக்கு வெளியே போகப் பிடிக்கவில்லை. ஜுலேகா அக்கா இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் வைத்தார். ஈப்போவில் இதே பாயாவைத் தேங்காய்ப்பால் ஊற்றிக் கெட்டியாக்கிவிடுவார்கள். இது தண்ணீராக, மிளகுக் காரத்தோடு மூக்கைத் திறந்தது. துக்கத்திலும் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"சும்மா மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு உக்காராத தம்பி. டம்ளர நம்பர் வாரியா சாக்குல அடுக்கு" என்றார் பாய்.

அடுக்கினேன். ஐந்து, ஆறு, ஏழு. அடுத்த டம்ளரில் 7-ஏ என்று இருந்தது. அதற்கடுத்து எட்டு. பிறகு ஒன்பது, பத்து. அறுபது வரை அடுக்கி முடித்த பிறகு எனக்கு ஏதோ உறுத்தியது. கலைத்து, மறுபடி எண்ணினேன். அறுபத்தொன்று.

"பாய், இதில் ஏழுக்கு ஏன் ரெண்டு டம்ளர்?"

பாய் மிஷினை நிறுத்தினார். "அத்த ஏன் கேக்குற! தொண்டூர்லருந்து ஒரு ஆளு பேர் குடுத்தான். எட்டாம் நம்பர் வந்திச்சி. எட்டுன்னா சனி நம்பராம். அவன் நைனா சைக்கிள மிதிச்சிக்கினு வந்து, எம்புள்ளைக்கு இது வேணாம்னு நம்பர்த் துணிய டிரில் மாஸ்டர் மேசை மேலயே வச்சிட்டுப் போயிட்டாரு. மத்தவங்களும் வேணான்னுட்டாங்க. அப்பறம் டெய்லர்கிட்ட 7-ஏன்னு புதுசா ஒண்ணு தச்சிக் குடுத்தாங்க. எங்கிட்டயும் 7-ஏன்னு ஒரு டம்ளரு வெட்டச் சொன்னாங்க. நான் ஒண்ணுலருந்து அறுவது வரிக்கும் ஏற்கனவே வெட்டி முடிச்சிட்டேன். எனக்கு இன்னா தெரியும், சனியும் இல்ல ராகுவும் இல்ல."

நான் குதித்து எழுந்ததில் சாக்கிலிருந்த டம்ளர்களெல்லாம் உருண்டு கடைத்தெருவில் ஓடின.

"பாய்! எட்டாம் நம்பர்த் துணி எங்கே?"

"மாஸ்டர் வூட்டு டிராயர்லதான் கெடக்கும். அத்த யாரு தொடுவான்?"

எங்கள் ஊரில் எட்டு என்றால் என்ன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சீனர்கள் தங்கள் காடிக்கு, அதாவது காருக்கு, எட்டாம் நம்பர் கிடைக்க ஏலத்தில் அடித்துக்கொள்வார்கள். எட்டு வந்தால் செல்வம் வரும் என்பார்கள். அவர்கள் பயப்படுவது நாலுக்கு. எங்கள் கடைக்குப் பக்கத்து வீடு நாலாம் எண். வாசலில் 3-ஏ என்று எழுதியிருப்பார்கள். ஆ சோங் பல வருடமாகத் தன் மோட்டார் சைக்கிளுக்கு ஓர் எட்டு தேடிக்கொண்டிருக்கிறார். அந்த எட்டு இங்கே ஒரு டிராயரில் அநாதையாகக் கிடக்கிறது.

பாய் எட்டாம் நம்பர் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார். இருவரும் டிரில் மாஸ்டர் வீட்டுக்குப் போனோம். பாய், திண்டிவனத்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவார்களே, அப்படி டம்ளரை மேசைமேல் வைத்தார்.

"அறுவது நம்பர்ல எட்டு உண்டா இல்லியா சார்?" என்றார் பாய்.

"உண்டு."

"அந்த நம்பருக்கு ஆளு இருக்குதா?"

மாஸ்டர் யோசித்தார். "இல்ல."

"நம்பர்த் துணி உங்க டிராயர்ல இருக்குது. டம்ளரு தோ இருக்குது. ஆளு இதோ நிக்குது. அப்பறம் இன்னா?"

மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் முகத்தில் விதிமுறை போய்ப் பயம் வந்திருந்தது. "பாய், உங்களுக்குப் புரியல. அந்த நம்பரப் போட்டுக்கினு மேல பாலத்துகிட்ட கால் தவறிச்சின்னா? வெளிநாட்டு ஆளு. நாளைக்கு எங்கிட்டதான கேப்பாங்க?"

எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. 3-ஏ வீட்டைப் பற்றிச் சொன்னேன். நாலாம் மாடிக்குப் போகாத சீனர்களைப் பற்றிச் சொன்னேன். "நாலைக் கண்டு நடுங்குகிறவர்களோடு தினம் சாப்பிடுகிறேன் சார். நாலும் அவர்களை ஒன்றும் செய்ததில்லை, எட்டும் அவர்களுக்கு ஒன்றும் கொடுத்ததில்லை. எனக்கு இந்த மலையை ஏறி இறங்க வேண்டும். போன வருடம் பாதியில் உட்கார்ந்தவன் நான். ஊரே சிரிக்கிறது. நீங்கள் சனியையே என் முதுகில் கட்டிவிட்டாலும் ஓடுவேன்" என்றேன். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. வெட்கமாக இருந்தது.

மாஸ்டர் கொஞ்ச நேரம் விசிலைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு டிராயரைத் திறந்து, துணியை நுனிவிரலால் தூக்கிக் கொடுத்தார். "கோயிலுக்குப் போயிட்டு வந்து கட்டிக்குங்க சார். என் மனசு கேக்கல."

காணும் பொங்கலன்று செஞ்சியில் நிற்க இடமில்லை. சுற்று ஊர்களிலிருந்தெல்லாம் கட்டுச்சோற்றோடு கோட்டை பார்க்க வந்திருந்தார்கள். வரிசையில் எனக்குப் பக்கத்தில் நின்றவர் 7-ஏ. வாட்டசாட்டமான இளைஞர். என் நெஞ்சைப் பார்த்தார், இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். செய்தி அதற்குள் பரவிவிட்டது. "எட்டு அதாம்பா", "பாவம், வெளியூரு, தெரியாம மாட்டிக்கினாரு" என்று காதுபடப் பேசினார்கள். அறுபத்தொரு பேரில் ஊர் முழுக்கக் கண் வைத்திருந்தது என் ஒருவன் மேல்தான்.

விசில் ஊதியது. கோட்டை வரைக்கும் தார் ரோடு, சுலபம். பிறகு படி. எங்கள் ஊர் மலையில் காடும் நிழலும் உண்டு. இங்கே பாறை வெயிலைக் குடித்து முகத்தில் திருப்பி அடித்தது. படிகள் ஒன்று முழங்கால் உயரம், ஒன்று சாண் உயரம். எந்த ராஜா எந்தக் காலை அளந்து கட்டினானோ தெரியவில்லை. ஒவ்வொரு வாசலிலும் கூட்டம். மோர் விற்ற ஓர் அம்மாள், "ஐயோ எட்டு வருது! பாத்து சாமி, பாத்துக் கால் வையி!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கமலக்கன்னியம்மன் கோயிலைத் தாண்டியதும் கெண்டைக்கால் இழுத்தது. அதே கால், அதே இடம், ஏறக்குறைய பாதி மலை. உடம்பெல்லாம் சில்லிட்டுப் போயிற்று. மதில்மேல் உட்கார்ந்திருந்த ஒருவர், "பாரு பாரு, எட்டு உக்காரப் போவுது. நான் அப்பவே சொன்னேன்ல" என்றார். அவருக்கு என் நன்றி. அப்படி ஒரு கோபம் எனக்கு வாழ்நாளில் வந்ததில்லை. கல்லில் குதிகாலை ஊன்றிக் காலை நீட்டி நாலு முறை இழுத்துவிட்டேன். "உட்கார மாட்டேன் ஐயா!" என்று அவரைப் பார்த்துக் கத்திவிட்டு ஏறினேன். அவர் கைதட்டினார்.

உச்சிக்கு முன்னால் பாறை பிளந்து கிடக்கும், அதன்மேல் சின்னப் பாலம். அதில் மட்டும் நடந்துதான் போகவேண்டும். மாஸ்டரின் நினைவு வந்து, கீழே பார்க்காமல் கடந்தேன். உச்சியில் ஒருவர் புறங்கையில் ஊதா மையில் முத்திரை குத்தினார். மேலே வந்ததற்கு அதுதான் சாட்சி. காற்று அள்ளிக்கொண்டு போயிற்று. கீழே வயல், ஏரி, பக்கத்து மலையான சந்திரகிரி, பொம்மை மாதிரி பஸ். இரண்டு விநாடி நின்று பார்த்தேன். நான் ஏறிவிட்டேன்! வாய்விட்டுச் சிரித்தேன். முத்திரை குத்தியவர் பயந்துபோய், "மொதல்ல பத்தரமா எறங்கு சார்" என்றார்.

இறங்கும்போது ஒரு திருப்பத்தில் 7-ஏ உட்கார்ந்திருந்தார். தொடை இழுத்துக்கொண்டு அசையமுடியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். போன வருடம் ஜீப்புக்காகக் காத்திருந்த என் முகம்தான். தாண்டிப் போகக் கால் வரவில்லை. கையை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார், நெஞ்சிலிருந்த நம்பரைப் பார்த்தார், தயங்கினார்.

"பிடி தம்பி. தொட்டால் ஒட்டிக்கொள்ளாது" என்றேன்.

இரண்டு கையாலும் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு எழுந்தார். காலை உதறி, நாலு படி நொண்டி, பிறகு என்னோடு சேர்ந்து ஓட ஆரம்பித்தார். கடைத்தெருவுக்குள் நாங்கள் சேர்ந்தே நுழைந்தோம். இருபத்துமூன்றாவதா இருபத்துநாலாவதா என்று எனக்குக் கவலையில்லை.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் மாஸ்டர் கையைக் காட்டச் சொன்னார். காட்டினேன். முத்திரை இல்லை. புறங்கையெல்லாம் வெறும் ஊதாத் தீற்றல். விதி என்றால் விதி என்கிற மனிதர் அவர்.

"முத்திர தெரியலையே சார்" என்றார் மெதுவாக.

அதற்குள் 7-ஏ தன் உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். அதில் என் முத்திரை அப்படியே, திருப்பிப் போட்ட எழுத்தில், பளிச்சென்று இருந்தது. "அவரு என்னத் தூக்குனாரு சார். அதுல என் கையில ஒட்டிக்கிச்சி. உச்சிக்குப் போயிட்டுத்தான் வந்தாரு."

நான் ஒட்டாது என்று சொன்னது ஒட்டியிருந்தது. அவ்வளவுதான், கூட்டத்திலிருந்து ஆளாளுக்குச் சாட்சி சொன்னார்கள். "நான் பாத்தேன் சார், எட்டு பாலத்தத் தாண்டுச்சி." "மூணாவது வாசல்ல நான் பாத்தேன்." மோர்க்கார அம்மாள் கூடையோடு இறங்கி வந்து, "எட்டு எங்க உழுந்துடுமோன்னு ஏறி எறங்கற வரிக்கும் பாத்துக்கினே இருந்தேன். வேற யாரையும் நான் பாக்கவே இல்ல" என்றார். வேறு எந்த நம்பராக இருந்தாலும் எனக்கு ஒரு சாட்சிகூடக் கிடைத்திருக்காது.

மாஸ்டர் சிரித்துவிட்டார். விசிலை எடுத்து நீளமாக ஒருமுறை ஊதினார். காதர் பாய் சாக்கிலிருந்து டம்ளரைத் தேடி எடுத்து, மிஷினை முடுக்கி, எட்டுக்குக் கீழே 'மணியம்' என்று வெட்டிக் கொடுத்தார். நல்லவேளை, கரண்ட் போகவில்லை. அதிலேயே மோர் ஊற்றிக் குடித்தேன். அழுதுகொண்டே குடித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை வீடு பதிவாகிவிட்டது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஈப்போவில் கடைக்குப் போனதும் டம்ளரையும் நம்பர்த் துணியையும் ஆ சோங்கின் முன்னால் வைத்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். மலையை ஏறினேன் என்றதும் தலையாட்டினார். இறங்கி முடித்தேன் என்றதும் எழுந்து நின்று கைகொடுத்தார். "இனிமே உங்கள அப்படிக் கூப்பிட மாட்டேன் மணியம்" என்றார். சொன்னபடியே பிறகு ஒருநாளும் கூப்பிடவில்லை.

ஆனால் அந்த எட்டாம் நம்பரை யாருக்கும் வேண்டாமென்று டிராயரில் போட்டு வைத்திருந்தார்கள், எனக்கு இலவசமாகக் கொடுத்தார்கள் என்றதும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். துணியை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"மலையெல்லாம் நம்புறேன்" என்றார். "இது மட்டும் பொய்."